எக்ஸ்ரே வண்டிக்குக் காது வைத்தவர்

எங்கே போனாலும் உட்காருவதற்கு முன்னால் குனிந்து பார்ப்பார். டீக்கடை பெஞ்சு, கல்யாண வீட்டு மடக்கு நாற்காலி, எங்கள் டாக்டரின் அறையில் இருந்த ஸ்டூல், எதுவானாலும் சரி. நான்கு காலும் தரையில் பாவியிருக்கிறதா என்று பார்ப்பார். கையால் ஓர் ஆட்டு ஆட்டுவார். ஆடினால், சட்டைப்பையிலிருந்து ஒரு மரச்செதிலை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் செருகி, மறுபடி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மற்றவர்கள் சட்டைப்பையில் பீடியும் தீப்பெட்டியும் வைத்திருப்பார்கள். அவர் பையில் எப்போதும் செதில்தான் இருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வருவதற்கு முந்தைய காலம். கல்கத்தா ரோட்டின் ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு லாரிகளுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ரோட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜாக்கி நைனா என்பார்கள். நானும் நைனா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இப்போது பெயரை எழுதினால் யாரோ வேற்றாளைப் பற்றி எழுதுவது போல இருக்கும்.

தன்னடக்கம் என்பது அந்த மனுஷரிடம் மருந்துக்கும் கிடையாது.

"கல்கத்தாவுலேர்ந்து மெட்ராசு வரிக்கும் கேட்டுப் பாருங்க நர்ஸம்மா. நான் தூக்காத லாரி ஒண்ணு கீதுன்னு எவனாவது சொல்லட்டும், இந்த மீசைய எடுத்துடறேன்" என்பார். இழந்துவிட்டால் வருத்தப்படுகிற அளவுக்கு அந்த மீசையும் ஒன்றும் பிரமாதமாக இருக்காது. அதை ஒரு நாள் சொல்லியும் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தாரே தவிர, பெருமையடிப்பதை ஒரு பிடி குறைத்துக்கொள்ளவில்லை.

அத்தனை பெருமையும் தூக்குவதைப் பற்றி. ஆனால் அவர் உயிராக நினைத்தது முட்டுக் கொடுப்பதை. லாரியை ஜாக்கியில் ஏற்றியதும் அடியில் கட்டையை அடுக்கி, ஜாக்கியைத் தளர்த்தி, வண்டியின் கனம் முழுதும் கட்டை மேல் உட்கார்ந்த பிறகுதான் யாரையும் அடியில் போக விடுவார். அவசரக்கார டிரைவர்கள் முணுமுணுத்தால், "ஜாக்கி தூக்கும்பா, தாங்காது. தாங்கறது கட்டை" என்பார். இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. அதைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

நான் அப்போது திருவள்ளூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வெளிநாட்டில் யாரோ குடும்பத்தோடு ஊர்சுற்ற வைத்திருந்த கேரவன் ஒன்று எங்களுக்குத் தானமாக வந்தது. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற, இரண்டே சக்கரம் வைத்த சின்ன வீடு. கட்டிலையும் அடுப்பையும் கழற்றி எறிந்துவிட்டு, சுவர்களுக்கு ஈயத்தகடு அடித்து, உள்ளே எக்ஸ்ரே மெஷினை நிறுத்தினார்கள். ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், காசநோய் இருக்கிறதா என்று ஜனங்களின் மார்பைப் படம் எடுக்க வேண்டும். டாக்டர், செவ்வாப்பேட்டையிலிருந்து வந்த டிரைவர், நான். மூன்று பேர்தான் கூட்டம்.

போய்ச் சேர்ந்த இடத்தில் கேரவன் ஆடாமல் நிற்பதற்கு நான்கு மூலையிலும் மடக்குகிற கால்கள் இருந்தன. துணிமணியும் பாத்திரமும் தாங்கிய கால்கள் ஈயத்தைத் தாங்குமா? ஊத்துக்கோட்டையில் ஒன்று வளைந்து, மெஷினே சாய்ந்துவிட்டது. டிரைவர் ஒரு லாரி ஜாக்கியை இரவல் வாங்கி, அடியில் கொடுத்து அழுத்தினார். வண்டி மேலே போகவில்லை. ஜாக்கியின் தலை தரைப்பலகையைப் பொத்துக்கொண்டு வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேர் ஓடிப்போனார்கள்.

அப்படித்தான் நைனாவின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார், மல்லாந்து படுத்தார், எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார்.

"இன்னா டாக்டரய்யா இது, யானைக்குக் கொசுக்காலு வச்சிகினு கீது!"

"சரிப்படுத்த முடியுமாய்யா?" என்று கேட்டார் டாக்டர்.

"யாருகிட்ட கேக்கறீங்க?" என்று மீசையைத் தடவினார்.

எண்ணெய் அழுத்தத்தில் ஏறுகிற ஆயில் ஜாக்கி ஒன்று அவரிடம் உபரியாக இருந்தது. லாரிக்கு அது சரி. ஆனால் கேரவனின் வயிறு தரைக்கு மிகவும் கிட்டே இருந்ததால் ஜாக்கி அடியில் நுழையவே இல்லை. பள்ளம் தோண்டி நுழைத்தாலும் அந்தச் சின்னத் தலை மறுபடி பலகையைத்தான் பொத்தும். கொஞ்ச நேரம் ஒரு டீயை வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

"அடியில போவ மாட்டேன்னா வெளிய நின்னு தூக்கட்டும். இதுக்குக் காது வைக்கணும்" என்றார்.

வண்டியின் அடிச்சட்டத்தில் மூலைக்கு ஒன்றாக, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கனத்த இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்தார். அவர் காது என்றது அவற்றைத்தான். நெருப்புப் பொறி பலகையில் பட்டுவிடாமல் ஈரச் சாக்கை மடித்து மடித்துத் திணித்துக்கொண்டே வேலை நடந்தது. ஜாக்கியின் தலைக்கு ஒரு தொப்பி செய்தார்: குழாய்த் துண்டின் மேல் பள்ளமான இரும்பு, அதற்குள் பழைய டயர் ரப்பர். காது அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் வழுக்காது. சேற்றில் புதையாமல் இருக்க, ஜாக்கியின் பாதத்துக்கு அகலமான பனம்பலகை ஒன்றைக் குடைந்து கொடுத்தார். எங்கள் டிரைவர், "காது வச்சா போதுமா நைனா? தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுக் குத்தவேணாமா?" என்று கேலி செய்தார்.

"நான்தான்பா தாய்மாமன். சீரு கொண்டாந்திருக்கேன் பாரு" என்று ஒரு கோணிப்பையைத் தூக்கி வந்து கொட்டினார். உள்ளே கட்டைகள். இழைத்து, ஒன்றின் மேல் ஒன்று நழுவாமல் உட்காரும்படி செதுக்கிய கட்டைகள். காதைவிட அவற்றுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் முகாம் என்றால் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு அவரும் ஜீப்பில் ஏறிவிடுவார். யாரும் கூப்பிடவில்லை. "என் காது, நான்தான் தூக்குவேன்" என்பது அவர் கட்சி. ஒருமுறை என்னை வீட்டில் இறக்கிவிட வந்தபோது, கூடத்தில் எங்கள் மர பீரோ ஆடுவதைப் பார்த்துவிட்டார். பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்பவர் வீடு எங்களுடையது. அம்மா ஆசாரம் பார்க்கிறவள். கிரீஸ் படிந்த கையோடு ஓர் ஆள் விறுவிறுவென்று உள்ளே போய்க் கூடத்தில் குப்புறப் படுத்ததைப் பார்த்துச் சுவரோரமாக ஒதுங்கினாள். அவர் செதிலைச் செருகிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அம்மா பீரோவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "என் கல்யாணத்திலேர்ந்து ஆடிண்டிருந்ததுடீ" என்றாள். அதன் பிறகு முகாமுக்குக் கட்டிக் கொடுக்கும் புளியோதரையில் அவருக்கும் ஒரு பங்கு வந்தது.

அவர் பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். வலையை விட்டுவிட்டு லாரிக்குப் போனவர். அந்தக் குப்பத்துக்குள் மட்டும் எங்களால் நுழைய முடியவில்லை. மெஷின் ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நைனா போய்ப் பேசினார். "நான் காது வச்ச வண்டி அது. ரத்தம் உறிஞ்சுதுன்னா நான் இப்படிக் கொழுத்துப்போய்க் கீறேனா?" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாராம். ஊர் சிரித்தது, சம்மதித்தது.

ஆனால் அவர் ஊருக்காக மட்டும் அங்கே போய்ப் பேசவில்லை. அங்கே அவருடைய அக்கா இருந்தாள். புருஷனை இழந்தவள், கருவாடு காயவைத்துப் பிழைத்தவள், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பல மாதமாக இருமல். உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். தம்பி பக்கத்தில் நின்றால் வண்டியில் ஏறுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். குப்பத்துப் பெண்கள் அவள் வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவள் ஏறினால் எல்லாரும் ஏறுவார்கள். அவள் திரும்பிப் போனால் ஒருத்தியும் வர மாட்டாள். முகாம் நாளன்று ஜீப்பில் வரும்போது நைனா பெருமையே பேசவில்லை. வழி நெடுக மடியில் கட்டைப் பையை அணைத்துக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரை மண் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? பனம்பலகையைப் போட்டு, ஒவ்வொரு மூலையாகத் தூக்கி, கட்டை அடுக்கிக்கொண்டு வந்தார். கடைசி மூலை பாக்கி. மீன்பிடித்துவிட்டுத் திரும்பிப் படகுகளைக் கரையேற்றிய ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஜாக்கியின் கைப்பிடியை அவர் அழுத்த அழுத்த, வண்டி கண்ணுக்கே தெரியாத அளவு உயர்ந்துகொண்டிருந்தது. படகைத் தோளால் தூக்குகிறவர்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்குமா?

"இன்னா நைனா, பம்பு அடிக்கிற மாரி அடிச்சிகினே கீறே? ஒரு பொட்டிய தூக்க இவ்ளோ நேரமா? டேய், வாங்கடா!"

அவர் நிமிர்ந்து "வேணாம்" என்பதற்குள் ஒரு கும்பலே தோள் கொடுத்துவிட்டது. ஏலேலோ ஐலசா என்றார்கள். வண்டி மூலை எம்பியது. காது ஜாக்கியை விட்டு மேலே போய்விட, ஜாக்கி மணலில் சாய்ந்தது. எதிர்மூலை இறங்கியதில் உள்ளே நான் அடுக்கி வைத்திருந்த மருந்துத் தட்டுகளெல்லாம் கதவு வழியாக உருண்டு ஓசையோடு வெளியே விழுந்தன. வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன்.

"உடாதீங்கடா! எவனாவது கைய எடுத்தீங்க, கொன்னுடுவேன்! அப்படியே நில்லுங்க!" நைனாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. மண்டியிட்டு, பாதி விரல் கையால் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளினார். "இப்ப எறக்கு. மெதுவா. கொயந்தைய படுக்க வைக்கிற மாரி." வண்டி கட்டைமேல் உட்கார்ந்தது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோள் கொடுத்தவர்கள் பெரிய காரியம் செய்துவிட்டதாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் பெண்கள் கலைந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போனது அவர் அக்காதான். மார்பைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமி நடந்தாள்.

"சாயற வண்டிடா அது. நான் ஏற மாட்டேன். செத்தாலும் என் ஊட்டுலயே சாவறேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

நைனா அவள் பின்னால் ஓடவில்லை. கெஞ்சவும் இல்லை. சாய்ந்து கிடந்த ஜாக்கியை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தூரத்தில் மணலில் வீசினார். அவ்வளவு ஆசையாக அவர் செய்த தொப்பி கழன்று தனியாக உருண்டது. பிறகு, ஆட்கள் தூக்கிய அதே மூலைக்கு அடியில் ஈர மண்ணில் முதுகை வைத்து நகர்ந்து நகர்ந்து போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அக்கா! இங்க பாரு. ஜாக்கி இல்ல. ஆளும் இல்ல. வெறும் கட்டைதான். நான் அடியில கீறேன். நீ ஏறு."

"யோவ், வெளியே வாய்யா!" என்று டாக்டர் கத்தினார்.

"எங்கக்கா எறங்குனதும் வரேன் டாக்டரய்யா" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

அக்கா நின்றாள். திரும்பினாள். "பாவி, பாவி, எழுந்து வாடா" என்று திட்டிக்கொண்டே வந்தாள். அவர் எழவில்லை. அவள் அந்தக் கால்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கே அழுத்தி மிதித்தால் தம்பிக்கு வலிக்குமோ என்பது போலப் படியில் காலை வைத்தாள்.

உள்ளே அவள் மோவாயைப் பிடித்து நேராக நிறுத்தினேன். "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா" என்றேன். நானும் பிடித்துக்கொண்டேன். இருமல்கூட அந்த நிமிஷம் வரவில்லை. தரை இம்மியும் அசையவில்லை. அவள் இறங்கியதும் வெளியே வந்து பார்த்தால், ஓடிப்போன பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நைனா சேறு படிந்த முதுகோடு வெளியே வந்து, "நான் காது வச்ச வண்டின்னு சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்தார். அன்று அந்தப் பீற்றலைக் கேட்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

படத்தில் அக்காவின் வலது நுரையீரல் மேலே வெள்ளை படர்ந்திருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். சில மாதம் ஊசி. மாத்திரை அதற்கு அப்புறமும் நெடுங்காலம். இருமல் நின்றாலும் நிறுத்தக் கூடாது. உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிட்டு, திரும்ப விழுந்து செத்துப்போனவர்கள் எத்தனையோ பேரை நாங்கள் பார்த்திருந்தோம். நைனா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஊசி ஜாக்கி, மாத்திரை கட்டை. அவ்ளோதானே? இத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமில்ல!"

அக்காவைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். ஊசி போடப் போட அவள் தேறினாள். இருமல் நின்றது, கன்னத்தில் சதை வைத்தது. நாங்கள் பயந்தது போலவே ஒரு நாள், "எனக்கு இன்னாடா கேடு? நல்லாத்தான் கீறேன். மாத்திரை முழுங்குனா குமட்டிகினு வருது. என்னைக் குப்பத்துல உட்டுரு" என்றாள். அன்று ஊசி போட வந்து நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, அன்னிக்கி நம்ம ஆளுங்க மொத்தமா வண்டிய தூக்குனாங்களே, கட்டைய வைக்கங்காட்டியும் கைய எடுத்திருந்தா?" என்று கேட்டார் நைனா.

"நான் இன்னா உன் வண்டியாடா?"

"வண்டின்னா உட்டுட்டுப் போயிருப்பேன்" என்றார். அக்கா கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கொட்டகையில் ஒரு சட்டம் வந்தது. அக்கா வந்து எதிரில் உட்கார்ந்து மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அன்றைய முதல் லாரிக்கு ஜாக்கி ஏறும். எவ்வளவு அவசர லோடானாலும் சரி. அவள் வேண்டுமென்றே தாமதம் செய்வாள், தண்ணீர் சூடாக இருக்கிறது என்பாள். ஆந்திராக்காரரும் பஞ்சாப்காரருமாக டிரைவர்கள் காத்துக்கிடப்பார்கள். "அக்கா, சீக்கிரம் முழுங்குக்கா! கல்கத்தா போவணும்!" என்று தமிழே தெரியாதவர்கள்கூடக் கற்றுக்கொண்டு கத்துவார்கள். எங்கள் டாக்டர் அதன் பிறகு எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஜாக்கியையும் கட்டையையும் காட்டித்தான் மருந்தைப் பற்றிப் பேசினார். பொன்னேரிப் பக்கத்து வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் அதைக் கேட்டு, விடாமல் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த எக்ஸ்ரே வண்டிக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்தேன் என்று இன்றைக்கும் மார்தட்டிக்கொள்கிறேன். நைனாவோடு பழகினால் இந்த வியாதி தொற்றாமல் இருக்குமா?

மாத்திரை முடிந்த பிறகு குப்பத்தில் மறுபடி முகாம் போட்டோம். நான்கு காதிலும் தூக்கி, கட்டைமேல் இறக்கி, நைனா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோள் கொடுக்க இந்தமுறை யாரும் முன்வரவில்லை. வரிசையில் முதல் ஆளாக அக்கா வந்தாள். சதைப்பிடிப்பான, வெற்றிலை போட்ட, சிரிக்கிற அக்கா. நேராகப் படியேறவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொரு மூலையிலும் குனிந்தாள். ஒரு கட்டையைக் கையால் ஆட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா கீது. நான் பாத்துட்டேன். வாங்கடி" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு ஏறினாள்.

டாக்டர் படத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை இருந்த இடம் சுத்தமாக இருந்தது. நான் ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். டிரைவர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். மணலில் அது கோணலாகத்தான் நின்றது. நைனா குனிந்து பார்க்காமல் அதில் அப்படியே உட்கார்ந்தார்.